பருவமழைக்கு முன் சாலையின் இடது ஓரத்தைச் சீர்செய்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்ள மாநகரம் ஆயத்தமாகும் செய்திகள் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் தங்கள் நாளிதழில் வரத் தொடங்கிவிடுகின்றன. மோட்டார் பம்புகள், படகுகள், நிவாரண முகாம்கள், மரம் வெட்டும் இயந்திரங்கள் என்று நீளும் அந்த ஏற்பாடுகளுக்கிடையே, ஐப்பசி முதல் தை வரை சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வரும் மக்களைப் பற்றி ஒரு வரிகூட இடம்பெற்று நான் பார்த்ததில்லை. வில்லிவாக்கத்திலிருந்து பாடி வழியாக அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பல ஆண்டுகளாகச் சைக்கிளில் சென்றுவருபவன் என்ற முறையில், பொறுப்பில் உள்ளவர்களின் கவனத்துக்குச் சிலவற்றைக் கொண்டுவர விரும்புகிறேன்.

விடிவதற்கு முன்பே பால் பாக்கெட்டும் நாளிதழும் போடுகிறவர்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலாளிகள், கேரியரில் சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார்கள், பட்டறைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவ மாணவியர் ஆகியோர் மழை வந்துவிட்டது என்பதற்காக வண்டியை மாற்றிக்கொள்ள முடியாதவர்கள். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலியை இழப்பவர்களும் அவர்களுள் பலர்.

மழைநீர் இருபுறமும் வழிந்தோட வேண்டும் என்பதற்காக நம் சாலைகள் நடுவில் சற்றே உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. எனவே மழை பெய்தவுடன் தண்ணீரும், அதனோடு அடித்துவரப்படும் மணலும் சகதியும் கண்ணாடிச் சில்லுகளும் வந்து சேருமிடம் சைக்கிள்காரருக்கென விடப்பட்டிருக்கும் அந்த இடது ஓரம்தான். வடிகாலைத் தூர்வாரும்போது அள்ளிய வண்டலைக் குவித்து வைப்பதும் அதே ஓரத்தில்தான். லாரி வந்து அதை எடுத்துச் செல்வதற்குள் அடுத்த மழை பெய்து, பாதி மீண்டும் வடிகாலுக்குள்ளேயும் மீதி சாலையிலும் பரவிவிடுகிறது. மழைநீர் இறங்குவதற்கென்று பதிக்கப்பட்ட இரும்புச் சட்டங்கள் சிலவற்றில் கம்பிகள் சாலை செல்லும் திசையிலேயே அமைந்திருப்பதால், அந்த இடைவெளியில் சைக்கிள் சக்கரம் நேராக இறங்கிச் சிக்கிக்கொள்கிறது. சட்டத்தைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் பதித்தால் தீர்ந்துவிடக்கூடிய ஆபத்து இது.

இதில் மோட்டார் வாகனம் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் அறிய வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். உழைக்கும் மக்கள் ஓட்டும் சாதாரண சைக்கிள்களில் ரிம் பெரும்பாலும் எஃகால் ஆனது. அது நனைந்துவிட்டால் ரப்பர் பிரேக் கட்டை சட்டென்று பிடிக்காது. பழகியவர்கள் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே சிறிது தூரம் சென்று, ரிம்மில் படிந்த நீரை வழித்துவிட்ட பிறகே அழுத்தி நிறுத்துவார்கள். திடீரென்று எதிர்ப்படும் பள்ளத்தின் முன் அதற்கு நேரம் ஏது? வலப்புறம் ஒடித்துத் திருப்பினாலோ, பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும்.

என்னுடன் பணிபுரியும் லேத் டர்னர் ஒருவர் சென்ற மழைக்காலத்தில், முழங்காலளவு தேங்கிய நீருக்கடியில் மூடி அகற்றப்பட்டிருந்த வடிகால் தொட்டி ஒன்றில் முன்சக்கரத்தோடு விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். அருகிலிருந்த டீக்கடைக்காரர் முருங்கைக் கிளையொன்றை ஒடித்து வந்து, அதில் சிவப்புத் துணியைக் கட்டித் தொட்டிக்குள் நட்ட பிறகே அங்கே அபாயம் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் கிளை செய்த வேலையைத் தடுப்பும் ஒளிரும் பட்டையும் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இடக்கை பழையபடி வசப்படாமல் அந்தத் தொழிலாளி இன்றும் சிரமப்படுவதை அருகிலிருந்து பார்க்கிறேன்.

வெளிச்சமும் இந்த மாதங்களில்தான் குறைகிறது. கார்த்திகையில் மாலை 5.40 மணியளவில் சூரியன் மறைந்துவிடுவதால், ஆறு மணிக்குப் பணி முடித்துப் புறப்படுகிறவர் வீடு சேரும் வரை இருட்டிலேயே செல்கிறார். பல பெரிய சாலைகளில் விளக்குக் கம்பங்கள் நடுத்தடுப்பில் நிற்கின்றன. அவற்றின் ஒளி மரங்கள் கவிந்த ஓரத்தை எட்டுவதில்லை. சைக்கிள் ஓட்டுவோருக்கும் இதில் கடமை உண்டு. டைனமோ பழுதாகியிருந்தால் அதைச் சரிசெய்யவோ, பேட்டரி விளக்கு ஒன்றைப் பொருத்தவோ வேண்டும். கறுப்பு மழைக்கோட்டு அணிபவர்கள் முதுகுப்புறத்தில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சுரங்கப்பாதையில் நீர் நிரம்பி அதை மூடும்போது, மாற்றுப் பாதையைக் கார்களையும் பேருந்துகளையும் மனத்தில் வைத்தே அறிவிக்கிறார்கள். அவ்வளவு தூரம் சுற்ற இயலாமல் சைக்கிளைத் தோளில் தூக்கியபடி தண்டவாளத்தைக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் வருவோருக்கான மாற்று வழியையும் முன்கூட்டியே முடிவுசெய்து, பாதையின் இரு முனைகளிலும் எழுதி வைப்பது அவசியம்.

மழை ஓய்ந்துவிட்டால் மார்கழியும் தையும் சென்னையில் சைக்கிள் ஓட்டுவதற்கு மிகவும் உகந்த மாதங்கள் என்பதால் எனக்கு இதில் ஆதங்கம் அதிகம். வியர்வை வழியாமல் அலுவலகம் போய்ச் சேர முடிகிற அந்தக் காலத்திலும், மழையில் சிதைந்த ஓரங்கள் சீர்செய்யப்படாமலே கிடப்பதால், புதிதாகச் சைக்கிளை எடுக்க நினைப்பவர்கள் தயங்கி விட்டுவிடுகிறார்கள்.

நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்குமென்றே ஒரு கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை இவ்விரு தரப்பினருக்கான வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்று கூறும் அக்கொள்கை, இந்திய நகரங்களுக்கு முன்மாதிரி என்று அன்று பாராட்டப்பட்டது. அள்ளிய வண்டலை அன்றைக்கே அகற்றுவது, இரும்புச் சட்டங்களைத் திருப்பிப் பதிப்பது, திறந்த தொட்டிகளுக்கு மூடி இடுவது ஆகிய பணிகளை வரும் செப்டம்பர் இறுதிக்குள் வார்டு வாரியாக முடித்து, அவற்றுக்கு அந்த 60 விழுக்காட்டிலிருந்து எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் மாநகராட்சி பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை.