முதல் பழம் உனக்கில்லை

அன்புள்ள விஜி,

நான் நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் ஏழு மாதங்கள் ஓட்டிவிட்டேன். திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று காத்திருக்கிறது.

பழம் பழுத்தது. ஒன்றே ஒன்று. அது உனக்குக் கிடைக்காது.

வாக்குக் கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. நீ வீட்டைக் காலி செய்த அன்று, லாரி கிளம்புகிற நேரத்தில் புளிப்பை இனிப்பாக்கும் அதிசயப் பழச் செடி இருந்த அந்தத் தொட்டியை என் கையில் திணித்து, "முதல் பழம் எனக்கு, சத்தியம் செய்" என்றாய். அது பழுக்கும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாததால் தாராளமாகச் சத்தியம் செய்தேன். வறுத்த காப்பிக்கொட்டையை ஊறவைத்து நட்டு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியவள் நான். அதை மறந்துவிட்டுக் கொடுத்தாயா, நினைவு வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கொடுத்தாயா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

முதல் ஆறு மாதத்தில் அந்தச் செடியைக் கொல்ல என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை, இடையில் கண்ணில் பட்டால் இன்னொன்று. வேருக்கும் மூச்சு வேண்டும், மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும் என்று நமக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். நாம்தான் தாவரவியல் டீச்சரின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இலைகள் துவண்டன. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். பிறகு ஈக்கள் வந்தன. கொசுவைவிடச் சிறிய கறுப்பு ஈக்கள், படிக்கிற பக்கத்தின் மேல், கணினித் திரையின் மேல், ஒருநாள் தொலைபேசியில் மேலதிகாரியுடன் பேசிக்கொண்டிருக்கும்போது நேராக என் மூக்குக்குள். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில்தான் வளர்கின்றன. மேல்மண்ணை நன்றாகக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகி வைத்த பிறகு மெல்ல அடங்கின. இப்போதெல்லாம் விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டுப் பார்க்காமல் நான் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தே, இன்றைக்கு வேண்டும், நாளைக்குப் போதும் என்று சொல்லிவிடுவேன். நகக்கண்ணில் மண்ணோடுதான் அலுவலகம் போகிறேன்.

வெளிச்சம் வேறு என்னை ஏமாற்றியது. என் கூடம் பளிச்சென்று இருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே, கண்ணை நம்பியதன் பலன் அது. எந்த மங்கலுக்கும் பழகிக்கொண்டு நம்மைச் சமாதானப்படுத்திவிடுகிறது இந்தக் கண். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும் வெளிச்சம், சன்னலிலிருந்து சில அடி தள்ளிப் போடப்பட்ட என் சோபாவுக்கு வருவதற்குள் சில நூறாக வற்றிவிடுகிறது. நமக்கு அது கூடம், செடிக்குக் குகை. தொட்டியைச் சன்னலோரம் தள்ளி, மேலே ஓர் எல்இடி விளக்கைத் தொங்கவிட்டு, தினமும் 12 மணி நேரம் எரியவிட்டேன். நள்ளிரவு வரை என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எதிர்க் கட்டிடத்தில் பேச்சு. பேசட்டும்.

இதெல்லாம் சரியான பிறகும் புது இலைகள் மஞ்சளாகவே வந்தன, நரம்புகள் மட்டும் பச்சை. ஓர் இலையைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் தாளில் யாரோ பச்சை மையால் ஆறுகளை வரைந்ததுபோல அழகாகத்தான் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவாம். மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, இவளால் அதை எடுக்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவள் அல்லவா, அமில மண்தான் வேண்டும் என்கிறாள். பிஎச் 4.5க்கும் 5.8க்கும் இடையில் இருந்தால்தான் மகாராணிக்கு உடம்பு நன்றாக இருக்கும். என் குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாக அந்த அமிலத்தை முறித்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்றிலிருந்து மழை பெய்தால் மொட்டைமாடிக்கு வாளியோடு ஓடுகிறேன். போன மழையின்போது மேல்வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் குடை கொண்டுவந்து கொடுத்தார். வாளியில் விழ வேண்டிய மழையைக் குடை தடுக்கும் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் மழை நின்றுவிட்டது.

அந்த மேல்வீட்டுக்காரரைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "செடி வைத்தால் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லியிருக்கிறது" என்பார். நாசா 1989இல் சொன்னது, காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டிகளுக்குள் செடியை வைத்துச் செய்த சோதனையைப் பற்றி. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறது. கட்டிடத்துக்குள் காற்று வந்துபோவதாலேயே நடந்துவிடுகிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால், சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். அவ்வளவு வைத்தால் காற்று சுத்தமாகலாம்; அதைச் சுவாசிக்க நான் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும்.

இந்த வருடம் பூத்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வெள்ளைப் பூக்கள், இலைக்கடியில் ஒளிந்துகொண்டு. எண்ணினேன், 19. வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. எனவே தினமும் காலையில் பல் துலக்கும் முன் அவற்றை உள்ளங்கையால் மெல்ல வருடிக்கொடுத்தேன். நான்கு பிடித்தன. மூன்று பச்சையிலேயே உதிர்ந்தன. மூன்றாவது உதிர்ந்த அன்று நான் சாப்பிடவில்லை என்றால் சிரிப்பாய், சிரி. நான்காவது நின்றது; ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சிவந்திருந்தது. வேடிக்கை என்ன தெரியுமா? அச்சு அசல் காப்பிப்பழம் போலவே இருக்கிறது.

இனி ஒத்திப்போட முடியாது, சொல்லிவிடுகிறேன். விஜி, நம் விடுதித் தோழி, அதுதான் நாம் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவள், அவளுக்கு உடம்பு சரியில்லை. மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவில் நான்கு சுற்று ஆகிவிட்டது. டாக்டர்கள் நம்பிக்கையாகத்தான் பேசுகிறார்கள். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னைக் கட்டிப்போட்டிருந்தவள் அவள்தான். என் ஏழு மாத மௌனத்துக்கும் அதுதான் காரணம். உனக்கு எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு எதை எழுதுவது? மூன்று முறை தாளை எடுத்து, மூன்று முறையும் மடித்து வைத்தேன். போன வாரம்தான், "விஜிக்கு எழுதித் தொலை, அழுதுகொண்டு ஓடி வரக் கூடாது என்றும் சேர்த்து எழுது" என்று அனுமதி கொடுத்தாள். எழுதிவிட்டேன்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறாள். அவளை அழ வைத்தது நாக்குதான். எதைத் தின்றாலும் இரும்புச் சாவியைச் சப்புவதுபோல இருக்கிறதாம். கல்லூரி விடுதியில் நம் இரண்டு பேர் தட்டையும் காலி செய்தவள், அரைக் கிண்ணம் கஞ்சியை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்தப் பழத்தை இப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் சில உண்டு. மருந்து என்று சொல்லுமளவுக்கு எதுவும் நிரூபணமாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய டாக்டரிடம் கேட்டேன். வாயில் புண் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். எலுமிச்சை இனித்தாலும் அதன் அமிலம் அமிலம்தானே. அதற்காக முன்பே பறித்து வைத்துக் காத்திருக்கவும் முடியாது. பறித்தால் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், அதனால் செடியிலேயே விட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வாய் நன்றாக இருந்தது. காலையில் பறித்துச் சின்ன டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். பஸ்ஸில் போகும்போது டப்பாவை நான்கு முறை திறந்து பார்த்திருப்பேன்.

பழத்தில் தனியாகப் பெரிய ருசி எதுவும் கிடையாது. விதையைச் சுற்றிக் கொஞ்சம் வழவழப்பான சதை, அவ்வளவுதான். அதை நாக்கு முழுவதும் படும்படி இரண்டு நிமிடம் புரட்டச் சொன்னேன். அதிலிருக்கும் மிராக்குலின் என்ற புரதம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். புளிப்பு வந்து தொட்டால்தான் விழித்துக்கொண்டு, இனிப்பு இனிப்பு என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சாப்பாட்டுக்கு முன் இதை மெல்வதை 1725இலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "பாடம் எடுக்காதே, எலுமிச்சையைக் கொடு" என்று கையை நீட்டினாள்.

ஒரு துண்டை வாயில் வைத்தாள். முகத்தைச் சுளிக்கத் தயாராகக் கண்ணை இறுக்கி மூடியவள், மெதுவாக ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "பொய்" என்றாள். அடுத்த துண்டு. அதற்கடுத்த துண்டு. நான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு தக்காளியைக் கொடுத்தேன், பிறகு ஆரஞ்சுச் சுளைகள். சாவி போய்விட்டதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, சாவி இருக்கிறது. சர்க்கரையில் புரட்டியிருக்கிறார்கள்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் குதிரைச் சிரிப்பு. எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு! பக்கத்து அறையிலிருந்து அவள் கணவர் ஓடி வந்தார், ஏதோ ஆகிவிட்டது என்று.

சுமார் நாற்பது நிமிடம். ஒரு முழு ஆரஞ்சும் இரண்டு தக்காளியும் உள்ளே போயின. பிறகு எலுமிச்சை மறுபடியும் எலுமிச்சையாகிவிட்டது. மறுநாள் கஞ்சிக் கிண்ணம் பழையபடிதான் என்று அவர் தொலைபேசியில் சொன்னார். நான் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை, விஜி. ஆனால் உன் பழம் எங்கே போனது என்று நீ கணக்குக் கேட்பாய் அல்லவா, இதுதான் கணக்கு.

விதையை அவள் துப்பவில்லை. சப்பிச் சப்பி வழவழவென்று ஆக்கி, காகிதக் கைக்குட்டையில் மடித்து என் பையில் போட்டுவிட்டாள். இது காய்ந்தால் முளைக்காது, சுடச்சுட நட வேண்டும். அன்று இரவே மழைநீரில் நனைத்த மண்ணில் அரை அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வைத்தேன். இன்றோடு ஒன்பது நாள். குவளையின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. வாரக் கணக்கில் ஆகும் என்று தெரிந்தும் காலையில் எழுந்ததும் அங்கேதான் போய் நிற்கிறேன். முளைத்தாலும் பூப்பதற்கு மூன்று நான்கு வருடங்கள்.

அந்தப் பூஞ்சை பூத்த இஞ்சியைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அது இறந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். அன்னாசியின் கொண்டையை நட்டது மட்டும் முள்ளும் தானுமாக வளர்ந்து, போகிறவர் வருகிறவர் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. பழுத்த ஆப்பிளோடு சேர்த்துப் பையில் மூடி வைத்தால், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு அன்னாசியைப் பூக்கத் தூண்டுமாம். இன்னும் கொஞ்சம் வளரட்டும், செய்து பார்க்கிறேன்.

செடியில் மறுபடியும் மொட்டு கட்டியிருக்கிறது, இந்த முறை 30க்கும் மேல். அடுத்த பழம் உனக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் ஒட்டகத்திடமிருந்து தொலைபேசி: இரண்டாவதும் அவளுக்கே வேண்டுமாம், விஜி பொறுத்துக்கொள்வாளாம். நீயே அவளிடம் பேசிக்கொள். மாலை நான்கு மணிக்கு மேல் கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள்.

அன்புடன்,
கமலா

பின்குறிப்பு: அழுதுகொண்டு ஓடி வரக் கூடாது என்றுதான் சொன்னாள். அழாமல் ஓடி வரக் கூடாது என்று சொல்லவில்லை. வந்தால் என் வீட்டில் தங்கு; சோபாவில் மட்டும் தொட்டிகள் இருக்கின்றன.