பேலியோவுக்கு மாறிய ஓட்டக்காரர்கள்: செல்வாவுக்கு ஒரு கடிதம்

கோலாலம்பூர்

அன்புள்ள செல்வா,

உன் ஓட்டக்குழுவில் பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுக்கு மாறிவிட்டார்கள், பினாங்குப் பாலம் ஓட்டத்துக்கு அது கைகொடுக்குமா என்று கேட்டிருந்தாய். ஓடி முடித்தால் போதும் என்பவருக்குப் பெரிய நட்டமில்லை. நேரத்தைத் துரத்துகிறவருக்குக் கெடுதல்தான்.

கொழுப்பை எரிக்கத் தசை சீக்கிரம் பழகிவிடும். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்து ஐந்தாறு நாள் கொழுப்பாகச் சாப்பிட்டாலே, அதே வேகத்தில் எரியும் கொழுப்பின் பங்கு நன்றாகக் கூடும். உன் ஆட்கள் பெருமைப்படுவது இதற்குத்தான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் எரிய விடும் வாசல், பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதி. அதை முடக்கும் கைனேஸ் என்ற இன்னொரு நொதி, கொழுப்பு உணவு தொடங்கிய ஒன்றிரண்டு நாளிலேயே ஏறுகிறது. இன்சுலின் இறங்குவதும் இரத்தத்தில் கொழுப்பமிலம் ஏறுவதும் அதைத் தூண்டுகின்றன. ஆக, கொழுப்புக்குத் திறந்த கையோடு தசை சர்க்கரைக்குச் சாத்திவிடுகிறது. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் இடையே நடப்பதாக 1963இல் ராண்டில் என்ற ஆய்வாளர் சொன்ன போட்டியின் நீட்சிதான் இது.

"முந்தின நாள் சோறு சாப்பிட்டு நிரப்பிக்கொள்வோம்" என்பார்கள். தசையின் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் நிரம்பும், வாசல் திறக்காது. 2006இல் வந்த ஓர் ஆய்வில் சைக்கிள் வீரர்களுக்கு ஐந்து நாள் கொழுப்பு, பிறகு ஒரு நாள் மாவுச்சத்து. அப்படியும் அந்த நொதி தாழ்ந்தே கிடந்தது. முழு வேகத்தில் மிதித்தபோது கிளைகோஜன் உடைவதும் குறைந்தது. அதே ஆண்டு 100 கி.மீ. சைக்கிள் ஓட்டத்தில் செய்த ஆய்வில் மொத்த நேரம் பெரிதாக மாறவில்லை. இடையில் வைத்த 1 கி.மீ. பாய்ச்சல்களில்தான் காலில் வலு குறைந்தது. பாலத்தின் நடு ஏற்றத்தில் உன் ஆட்கள் திணறினால் பயிற்சி போதவில்லை என்று திட்டாதே.

ஆக்சிஜன் கணக்கும் இடிக்கிறது. 1 லிட்டர் ஆக்சிஜனில் சர்க்கரையை எரித்தால் சுமார் 5.05 கிலோகலோரி, கொழுப்பை எரித்தால் 4.69. மூச்சு முட்டும் வேகத்தில் அந்த 7 விழுக்காடு பெரிய தொகை. 2017இல் வெளியான வேகநடைப் போட்டி வீரர்கள் ஆய்விலும் இதே கதை: மூன்று வாரப் பயிற்சிக்குப் பின் மாவுச்சத்துக் குழுக்கள் 10 கி.மீ.யில் முன்னேறின, கொழுப்புக் குழு முன்னேறவில்லை.

எலி ஆய்வைக் காட்டி "கொழுப்பு மைட்டோகாண்ட்ரியாவை அழிக்கும்" என்று பயமுறுத்துகிறவரையும் நம்பாதே. 60 விழுக்காடு கலோரி கொழுப்பாகத் தரும் தீனியில் எலித்தசையின் மைட்டோகாண்ட்ரியா பெருகியே காணப்பட்டிருக்கிறது; இன்சுலின் மட்டும் வேலை செய்யவில்லை. உள்ளே வரும் கொழுப்பு தேவையை மிஞ்சும்போது பாதி எரிந்த துண்டுகளும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்புப் பொருளும் தேங்குகின்றன, சிக்கல் அங்கேதான். நெடுந்தூர ஓட்டக்காரர் தசையிலும் கொழுப்பு நிறைய உண்டு, ஆனால் அவர் தினமும் அதைச் செலவழிக்கிறார். செம்பனை எண்ணெய் பற்றிய பயமும் ஓரளவு இப்படித்தான். அதிலுள்ள பால்மிட்டிக் என்ற கொழுப்பமிலத்தை மட்டும் தசைச் செல்லில் ஊற்றினால் கெடுகிறது. ஒலியிக் அமிலத்தைச் சேர்த்தால் கேடு தணிகிறது. செம்பனையில் இரண்டும் தலா 40 விழுக்காடு அளவில் இருக்கின்றன.

சரி, என்ன செய்யச் சொல்வாய்? நேரம் முக்கியம் என்பவர் பேலியோவை ஒரு மாதம் முன்பே விடட்டும். இது என் கணிப்பு. மாவுச்சத்தை உறிஞ்சக் குடலும் திரும்பப் பழக வேண்டும். கொழுப்பெரிப்பை விட மனமில்லையென்றால், வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் மெதுவோட்டம் போதும். கடைசி 36 முதல் 48 மணி நேரம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்கு 600 கிராம். அரிசியிலேயே எடுத்தால் முக்கால் கிலோ, யாராலும் முடியாது. வாழைப்பழம், ரொட்டி, இனிப்புப் பானம் என்று பிரித்துக் கொடு. அந்த இரண்டு நாள் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வேண்டாம். தேங்காய்ப்பால் வயிற்றை அடைத்துவிடும், சோறு இறங்காது. நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஓட்டம் என்பதால் கடைசிச் சாப்பாடு இரவு ஒன்பது மணியளவில். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து.

எதற்கும் முன்னால் ஒன்றைக் கேட்டு வை: குழுவில் எத்தனை பேர் நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறார்கள்? எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவற்றோடு கடும் பேலியோ சேர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோ அமில நச்சு (இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்து) வரலாம். குமட்டல், வயிற்றுவலி, மேல்மூச்சு என்றால் குளுக்கோமீட்டரை நம்பி உட்காராமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போ. இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவருக்கு எதிர்ப்பக்கம், சர்க்கரை தாழ்ந்துவிடும். இவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் உணவை மாற்றவே கூடாது. பெயர் வேண்டாம், மருந்துப் பட்டியலை மட்டும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜன்