தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எச்.ஐ.வி. உள்ள பெண் கருவுற்றால், ‘பிள்ளையும் தப்பாது’ என்று சொந்தபந்தங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால்கூட நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத்தான் தொற்று பரவும். தாய் கர்ப்ப காலத்திலேயே மாத்திரை தொடங்கி விடாமல் சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து கொடுத்தால், அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு முதல் ரத்தப் பரிசோதனை, இறுதி முடிவு தெரிய 18 மாதம். அந்த ஒன்றரை வருடத் தவிப்பில் அவளுக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய மாமியார் வீடு, பல இடங்களில் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிறது. கணவனிடமிருந்து தொற்றியிருந்தாலும் பழி அவள் மேல்தான். பெரிய கொடுமை இது.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தபோது, கொடுக்க மருந்தே கிடையாது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரையும் போல நீண்ட காலம் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்கும் பரவாது.

தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியிலோ வேலையிலோ ஒதுக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சரி, வீட்டுக்குள் யார் போய்ச் சொல்வது? கர்ப்பிணிக்குப் பரிசோதனை செய்யும்போதே கணவரையும் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) வரவழைத்துப் பேசுவதை அரசு கட்டாய நடைமுறையாக்க வேண்டும். அவள் சம்மதித்தால் மாமியாரையும் உட்கார வைத்து விளக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை