அந்தப் பதிவேட்டில் என் கையொப்பம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமைத் தலையங்கத்தில், எங்கள் முஸ்லிம் திருமணச் சட்டத்தைப் பற்றி, "ஷரீஆ நவீன சமுதாயத்துக்கு ஒவ்வாது, எல்லோருக்கும் பொதுச் சட்டமே போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி இரண்டு இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முஸ்லிம்களின் திருமண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்துவது 1951இல் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை. தங்களுக்கு இது தெரியாததல்ல. அதை அல்லாஹ் இறக்கிய வேதம்போல எங்கள் பெரியவர்கள் காவல் காக்கும்போது எனக்கு எவ்வளவு கோபம் வருமோ, அவ்வளவும் தங்கள் வரியைப் படித்தபோதும் வந்தது.

1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயதை 18 ஆக்கினார்கள். எங்களை விட்டுவிட்டார்கள். மறுவருடம் புத்தளத்தில், அகதிமுகாமின் ஓலைக் கொட்டிலில், எனக்கு நிக்காஹ் நடந்தது. வயது 16. வலிகாரராக, அதாவது மணமகளின் பொறுப்பாளராக, வாப்பா கையொப்பமிட்டார், மாப்பிள்ளை கையொப்பமிட்டார். பதிவேடு என் பக்கம் வரவேயில்லை. என் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவுமில்லை. பிறகு பஸஹ், அதாவது மனைவி கேட்கும் விவாகரத்து, கேட்டுக் காதி நீதிமன்றம் போனபோது, ஆண்கள் நிறைந்த கூடத்தில், சட்டத்தரணி பேச இடமில்லாத இடத்தில், அடிபட்ட கதையை நானே சொன்னேன். பெண் காதியாராக, அதாவது அங்கே நீதிபதியாக, முடியாது என்பதும் அதே சட்டம்தான். மலேசியாவில் 2010இல் பெண்கள் ஷரீஆ நீதிபதிகளானார்கள். மொரோக்கோவில் 2004 முதல் வயதுவந்த பெண் வலிகாரர் இல்லாமலே தன் திருமணத்தைத் தானே ஒப்பலாம். அவர்களும் குர்ஆன் ஓதுகிறவர்கள்தான். இங்கேயோ திருத்தத்தை ஆராய 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்கவே 2018 ஆயிற்று. அதன்பிறகும் எங்கள் ஆண்கள் இழுத்தடித்தார்கள்.

பொதுச் சட்டம் என்கிறீர்கள். 2021இல் பௌத்த பிக்கு ஞானசார தேரர் தலைமையில் "ஒரே நாடு ஒரே சட்டம்" செயலணி வந்தபோது, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் கைவைக்கப் போகிறார்கள் என்று பதறி எழுதியதும் தாங்கள்தான். அந்தத் தேசவழமையின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கனடாவிலுள்ள கணவரின் சம்மதத்துக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தார். அதைப் பற்றி ஒரு தலையங்கமும் நான் படித்ததில்லை. எங்கள் வழக்கம் மட்டும் நவீனத்துக்கு ஒவ்வாததா?

1990 ஒக்டோபர் 30இல், எனக்கு 10 வயது, முஸ்லிம்களான எங்களை இரண்டு மணி நேரத்தில் இந்த யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த நாளைத் தாங்கள் வருடாவருடம் உள்பக்கத்தில் இரண்டு அங்குலத்தில் போடுகிறீர்கள். எங்கள் சட்டம் என்றால் மட்டும் தலையங்கம். திரும்பி வந்து இத்தனை வருடமாகிறது. எங்கள் தெருவுக்கு வந்து, உங்களுக்கு என்ன சட்டம் வேண்டும் என்று எங்களில் ஒரு பெண்ணையாவது கேட்டீர்களா?

தலையங்கத்தின் பக்கத்தில் கண் மட்டும் தெரியும் ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் அதே படம். அடுத்த முறை அதைத் தயவுசெய்து போடாதீர்கள். ஷரீஆ என்று பொதுவாகச் சொல்லாமல், 1951ஆம் ஆண்டுச் சட்டம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோனகத் தெரு, யாழ்ப்பாணம்.