கால் போன பின்னும் இருக்கும் கால்: டர்பன் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர்கள் நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்து, இல்லாத காலை ஊன்றி விழுகிறார்களே, இது மறதியா, மனக்குழப்பமா என்று கேட்டிருந்தாய். தென்னாப்பிரிக்காவில் உங்கள் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உன்னைப் போல் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

மறதி இல்லை. பகலில் கேட்டுப் பார், கால் எடுத்த தேதியைச் சொல்வார். பாதித் தூக்கத்தில் அந்தத் தேதி துணைக்கு வராது. அறுபது வருடமாகக் கட்டிலை விட்டு இறங்கிப் பழகிய உடல்தான் அப்போது இறங்குகிறது.

பிரெஞ்சு தத்துவவாதி மோரிஸ் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட தன் முக்கியமான நூலில் இல்லாத கால் இருப்பதாகவே உணரும் இந்த மாயக்காலைத்தான் எடுத்துக்கொண்டு பேசினார். நரம்பின் கோளாறு மட்டும்தான் என்றால், ஸ்டம்பை, அதாவது வெட்டியபின் மிஞ்சிய காலை, மரக்க வைத்ததும் மாயக்கால் போயிருக்க வேண்டும், போகவில்லை. மனத்தின் ஏக்கம் மட்டும்தான் என்றால், மூளைக்குப் போகும் நரம்பை வெட்டினாலும் அது நீடிக்க வேண்டும்; நீடிக்கவில்லை. ஆகவே இரண்டு விளக்கத்தையும் தனித்தனியே அவர் ஏற்கவில்லை. நமக்குள் பழகிய உடல் என்று ஓர் அடுக்கும், இந்த நிமிடத்து உடல் என்று ஓர் அடுக்கும் இருக்கின்றன என்றார். படிக்கட்டும் கதவும் கட்டிலின் உயரமும் இன்னும் இரண்டு காலைத்தான் கூப்பிடுகின்றன. பழகிய உடல் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறது.

இதை ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். “கால் இல்லை, ஞாபகம் வைங்க அங்கிள்” என்று நூறு முறை சொல்லிப் பயனில்லை. கூப்பிடும் பொருட்களை மாற்று. எந்தப் பக்கம் இறங்குகிறாரோ அந்தப் பக்கம் சக்கர நாற்காலியைக் கட்டிலை ஒட்டி, பிரேக் போட்டு நிறுத்து. கால் தரையைத் தேடும் முன் கை நாற்காலியில் படவேண்டும். கட்டிலடியில் ஜோடியாகக் கிடக்கும் செருப்பை எடுத்துவிடு. மின்சாரம் போனாலும் அணையாத பேட்டரி விளக்கு ஒன்று வை. முதல் சில வாரம் சிறுநீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இதே மனிதருக்குச் சில மாதம் முன்பு நேர்மாறானது நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்போது கால் கண்ணுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. இப்போது கண்ணுக்கு இல்லை, அவருக்கு இருக்கிறது. சர்க்கரை நோயால் உணர்வு மங்கிய பாதத்தைச் சிலர் “அந்தக் கால்” என்றே சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் பொருளைச் சொல்வது மாதிரி. கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் இதைத்தான் கண்டார். வலி போன கை கால்களை அவர்கள் தங்களுடையவை என்று காக்கவில்லை. கவனிக்காத காயங்களே விரல்களைத் தின்றன.

ஆகவே மீதியிருக்கும் பாதத்தை விடாதே. 10 கிராம் மோனோஃபிலமெண்டை, அதாவது தொடுவுணர்வைச் சோதிக்கும் நைலான் இழையை, அவர் கண்ணை மூடியிருக்கும்போது, வளையும் வரை அழுத்தி ஒரு விநாடி வைத்து எடு. காய்ப்பின் மேல் வேண்டாம். ஒரே தாளத்தில் தொட்டால் ஊகித்துச் சொல்லிவிடுவார். “தெரியுதா?” என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார், “எந்த இடம்?” என்று கேள். தைப்பூசக் காவடிக்கு வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், தயங்காமல் வாதாடு. கொப்புளம் வந்தால் அவருக்குத் தெரியாது. மறுநாள் சாக்ஸில் ஈரம் கண்டுதான் தெரியும்.

மாயக்கால் வலித்தால் கண்ணாடி. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களுக்காகக் கொண்டுவந்த முறை இது. காலுக்கு, 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில் தினம் 15 நிமிடம் வீதம் 4 வாரம் செய்தார்கள். நல்ல காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி, நீளமான கண்ணாடியை இரு தொடைகளுக்கு நடுவே நிறுத்து. ஸ்டம்ப் முழுதும் மறைய வேண்டும். கொலுசு, மெட்டி கழற்றியாக வேண்டும். மாயக்கால் மடங்கியிருப்பதாகச் சொன்னால், நல்ல காலையும் முதலில் அப்படியே மடக்கச் சொல், பிறகு இரண்டையும் மெதுவாக நீட்டட்டும். அவசரமாக ஆட்டினால் பிம்பத்துக்கும் உணர்வுக்கும் ஒட்டாது. தலைசுற்றினாலோ அழுகை வந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடு.

செயற்கைக் காலை முதல் நாட்களில் 15 முதல் 30 நிமிடம் மாட்டினால் போதும். கழற்றியதும் தோலைப் பார். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் ஸ்டம்ப் உட்காரும் சாக்கெட்டைத் திருத்தச் சொல். நாளடைவில் ஸ்டம்ப் சுருங்கும், ஸ்டம்பில் போடும் சாக்ஸைக் கூட்ட வேண்டியிருக்கும். முழங்காலடியில் தலையணை வைக்கவே கூடாது, மடங்கியபடியே இறுகிவிடும்.

நடக்கப் பழக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் “குதிகால், முட்டி” என்று கட்டளை இடாதே. முதல் உலகப் போரில் குண்டுச் சிதறலால் மூளை காயமான ஷ்னைடர் என்பவரை உளவியலாளர் கெல்பும் நரம்பியல் மருத்துவர் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்தார்கள். கொசு கடித்த இடத்துக்கு அவர் கை நேராகப் போகும். அதே இடத்தைச் சுட்டிக் காட்டச் சொன்னால் தடுமாறுவார். அந்தப் பதிவுகளைப் பிற்காலத்தில் சந்தேகித்தவர்களும் உண்டு. ஆனாலும் உனக்கு வேண்டியது அதில் இருக்கிறது: மேஜையில் தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்து வரச் சொல். பார்வை காலை விட்டுக் கோப்பைக்குப் போகும்போதுதான் நடை வரும்.

பிறர் பார்வையைப் பற்றி இன்னொரு பிரெஞ்சு தத்துவவாதி சார்த்ரு 1943இலேயே எழுதிவிட்டார். ஒருவர் உற்றுப் பார்த்ததும் நான் எனக்கே பொருளாகிவிடுகிறேன். தோல் நிறத்தை வைத்து உடல்களைப் பிரித்து வைத்த நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் மகனிடம் “இவருக்கு எப்படி இருக்கு?” என்று கேட்காதே.

ஸ்டம்பை முதலில் நீ தொடாதே, அவர் கையையே வைக்கச் சொல். தன் கை தன்னைத் தொடும்போது தொடுவதும் தொடப்படுவதும் ஒருவரே என்பதை ஜெர்மன் தத்துவவாதி ஹுஸர்ல் காட்டினார். அந்த இடம் மறுபடி அவருடையதாவதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. தழும்பு ஆறியபின் தினம் இரண்டு மூன்று முறை, சில நிமிடம், பழைய பருத்தி வேட்டித் துணியால் அவரே தடவட்டும். அது பழகிய பிறகு துவாலை.

அன்புடன்,
அண்ணன்