வலைத்தளப் பட்டியலுக்கும் தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னூலகங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உதவும் வலைத்தளங்கள் என்று ஞாயிறு மலரில் அரைப்பக்கப் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் தகவல் மேசையில் உட்கார்ந்திருப்பவன். இப்படி ஒரு பட்டியல் வெளிவந்தால் திங்கட்கிழமை காலையிலேயே அதன் விளைவு என் எதிரே வந்து நின்றுவிடும். கத்தரித்த தாளை நீட்டி, “இதில் பாதி திறக்கவே இல்லை சார்” என்பார்கள் மாணவர்கள். திறக்காத பக்கத்தால் பெரிய கேடு ஒன்றுமில்லை. 2013ஆம் ஆண்டில் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டுகளில் காணாமல் போயின என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. நன்றாகத் திறந்து, காலாவதியான செய்தியை நேற்று எழுதியதுபோலச் சொல்லும் பக்கத்தைக் கண்டால்தான் எனக்குக் கலக்கம்.

உங்கள் பட்டியலில் நான்காவதாக இருக்கும் வழிகாட்டிப் பக்கத்தைப் பாருங்கள். அடியில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று அன்றைய தேதி இருக்கிறது. மறுநாள் திறந்தால் மறுநாள் தேதி! கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத் தானாகவே தேதியைப் போட்டுக்கொள்ளும் ஒரு நிரல்வரியின் வேலை அது. மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இத்தகைய பக்கத்தின் வயதை உள்ளே இருக்கும் செய்தியை வைத்துத்தான் கணிக்க வேண்டும். நூல்களையும் பழைய வலைப்பக்கங்களையும் இணையத்தில் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் ‘தேசிய அவசரகால நூலகத்தில்’ காத்திருக்காமல் எந்த நூலையும் இரவல் பெறலாம் என்கிறது இந்தப் பக்கம். பெருந்தொற்றால் நூலகங்கள் பூட்டிக் கிடந்தபோது, 2020 மார்ச் 24 அன்று தொடங்கிய ஏற்பாடு அது. ஜூன் 16 அன்றே முடிந்தும் போனது. இடையில் பதிப்புரிமை மீறல் என்று நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2023இல் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த வழக்கின் விளைவாக ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவல் வரிசையிலிருந்து நீக்கப்பட்டன. ஆக, அந்த வழிகாட்டியை எழுதியவர் 2020இன் கோடையில் பேனாவை மூடியவர், அதன்பின் அந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. இதை நம்பிய ஒரு மாணவி, ஆய்வேட்டுக்கு வேண்டிய நூலெல்லாம் அங்கே கிடைக்கும் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

பழையது என்பதற்காகவே எதையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. டி-லிப் மேகசின் என்ற மின்னூலக ஆய்வு இதழ் 1995 ஜூலையில் தொடங்கி 2017 ஜூலையோடு நின்றுவிட்டது. மின்னூலகங்கள் எப்படி உருவாயின என்று அறிய விரும்புகிறவருக்கு இன்றும் அதைத்தான் முதலில் காட்டுவேன். ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர், அவர் பணியாற்றிய இடம், வெளிவந்த மாதம் எல்லாம் இருக்கின்றன. 1998இல் எழுதியதை 1998இல் எழுதியதாகவே படித்துக்கொள்ளலாம். கூகுள் தேடுபொறி முளைத்ததே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மின்னூலக ஆய்வுத் திட்டத்தில்தான் என்பது இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் காலத்து ஆவணங்களைப் படித்தால் தெரியும். இத்தகைய இதழ் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லாதது வருத்தமே.

அடுத்தது ‘இலவசம்’ என்ற சொல். பட்டியலில் உள்ள வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குட்டன்பெர்க் திட்டம், கூகுள் புக்ஸ், ஹாத்தி டிரஸ்ட், யூரோப்பியானா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ‘இலவச மின்னூலகங்கள்’ என்று சொல்லிவிடுகின்றன. குட்டன்பெர்க்கில் நூல் முழுவதையும் தரவிறக்கிக்கொள்ளலாம். கூகுள் புக்ஸில் பதிப்புரிமை உள்ள பல நூல்களுக்குத் தேடிய சொல்லைச் சுற்றி இரண்டு மூன்று வரிகள்தான் தெரியும். ஹாத்தி டிரஸ்டில் அத்தகைய நூலுக்கு அந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று மட்டும் காட்டுவார்கள். யூரோப்பியானாவோ பெரும்பாலும் பிற நூலகங்களும் அருங்காட்சியகங்களும் வைத்திருப்பவற்றின் விவரங்களைத் திரட்டி, அங்கே அனுப்பிவைக்கும் வாசல். இந்த வேறுபாட்டைச் சொல்லாத வழிகாட்டியை எழுதியவர், தான் பரிந்துரைக்கும் தளத்தில் ஒரு நூலைக்கூடத் தேடிப் பார்த்ததில்லை என்றே நான் முடிவு கட்டுவேன். சோதிப்பது எளிது. 1890இல் வந்த ஒரு நூல், 1990இல் வந்த ஒரு நூல், இரண்டையும் அந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். முதலாவது முழுமையாகத் திறந்து, இரண்டாவது திறக்க மறுத்தால், காரணத்தை வழிகாட்டி சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் பதிப்புரிமை. அது நாட்டுக்கு நாடு மாறும். எழுத்தாளர் இறந்தபின் இந்தியாவில் 60 ஆண்டுகள், ஜெர்மனியில் 70 ஆண்டுகள். தாமஸ் மான் உள்ளிட்ட மூன்று எழுத்தாளர்களின், அங்கே அப்போது பதிப்புரிமை முடியாதிருந்த 18 நூல்கள் தொடர்பாக ஜெர்மானிய நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2018இல் குட்டன்பெர்க் திட்டம் தன் தளம் முழுவதையும் ஜெர்மனியில் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டது. 2021இல் சமரசமான பிறகே மீண்டும் திறந்தது. ‘முற்றிலும் சட்டபூர்வமானது’ என்று எழுதுகிறவர் எந்த நாட்டுச் சட்டம் என்றும் எழுத வேண்டாமா?

பட்டியலோடு ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள்: தளத்தைச் சரிபார்க்க ஐந்து கேள்விகள். புதுமையா, பொருத்தமா, எழுதியவர் யார், தகவல் சரியா, நோக்கம் என்ன என்று கேட்கும் இந்த முறையைக் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 2004இல் வகுத்தார்கள். நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்துகொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கமே சாட்சி சொல்லிவிடும். ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் வரலாற்றுப் பேராசிரியர்களையும், மாணவர்களையும், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களையும் உட்காரவைத்து, வலைத்தளங்களை நம்பலாமா என்று மதிப்பிடச் சொல்லிச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். படித்த பேராசிரியர்கள்கூட அழகான முகப்பில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தை முழுதாகப் படிக்காமலே வேறு சாளரங்களைத் திறந்து, அந்தத் தளத்தை நடத்துபவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். மின்னூலக மென்பொருள்களை ஒப்பிடும் பக்கங்களுக்கு இந்த வழியை விட்டால் வேறு கதியில்லை. ‘சிறந்த பத்து மென்பொருள்கள்’ என்று இருக்கும். முதலிடத்தில் இருப்பது அந்தப் பக்கத்தை நடத்தும் நிறுவனத்தின் சரக்காகவே இருக்கும்.

தமிழ் வழிகாட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து நூல்களைப் படிக்கத் தனி எழுத்துரு நிறுவிக்கொள்ள வேண்டும் என்று இன்னமும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1998இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு முதல் சில ஆண்டுகள் அது உண்மை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடு வந்து, தனி எழுத்துரு தேவையில்லாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பட்டியலின் அடியில் ‘இந்தத் தளங்கள் இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டன’ என்று ஒரு வரி. ஒவ்வொரு தளத்தின் எதிரிலும் முழு நூலா, இரவலா, விவரம் மட்டுமா என்று ஒரு குறிப்பு. இடமில்லை என்றால் தளங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். பதினைந்துக்குப் பதில் ஐந்து போதும்.

இன்னொன்று மட்டும் அவசரம். பதினொன்றாவது முகவரி, பெயர்பெற்ற ஒரு மின்னூலகத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவைத்துக்கொண்ட போலித் தளம். ‘இலவச உறுப்பினர்’ ஆவதற்குக் கடன் அட்டை எண்ணைக் கேட்கிறது. அச்சில் வந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் மின்பதிப்பிலிருந்து அதை இன்றே நீக்கிவிட்டு, நாளைய இதழில் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகர் ஒருவர்