காய வைத்ததற்குக் கூலி வாங்காத ஆசாரி ஐயாவுக்கு

நேற்றுக் காலை எங்கள் தெருக்கூத்தின் படுகளம், துரியோதனன் விழுகிற கடைசிக் காட்சி, முடிந்தது. துரியோதனன் வேஷம் கட்டிய எங்கள் தம்பியின் காதோரத்தில் அரிதாரச் சிவப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அது போவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று ஜமாவில், அதாவது எங்கள் கூத்துக் குழுவில், எல்லாருக்கும் அவசரம். வெள்ளத்தில் வேஷப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் நனைந்ததை ஊரே பார்த்தது, அதை விட்டுவிடுவோம்.

கடலூர் முதுநகரில் படகு கட்டும் ஆசாரி ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. அவர் கூத்துக் கட்டை, அதாவது வேஷத்துக்குக் கட்டும் மர அணிகள், செய்கிறவர் இல்லை. "ஈரம் குடிச்ச மரம்னா எனக்குத் தெரியும், கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கையில் செதுக்கியவை. விடிய விடிய சுமந்து ஆட வேண்டுமே, அதனால் இலேசான மரம். ஆனால் பஞ்சு மாதிரித் தண்ணீரைக் குடிக்கும். நனைந்ததை வெயிலில் பரப்பினால் மேல்பக்கம் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், நாரோட்டத்தில் பிளந்துகொள்ளும். ஐயா முதலில் ஜிகினாத் தாளையும் கண்ணாடித் துண்டுகளையும் உரித்தெடுத்தார். ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தால் கட்டை வளையுமாம். வெட்டுமுகங்களில் மெழுகு தடவினார், ஈரம் அந்த வழியாகத்தான் அவசரப்பட்டு ஓடும். பிறகு நிழலில், ரீப்பர் மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, காலையும் மாலையும் திருப்பிப் போட்டார். இப்படி 26 நாள்.

காய்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல அவர் ஒப்பவில்லை. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தார். வந்த அன்று 900 கிராம் இருந்த புஜக்கட்டை 410க்கு இறங்கி, மூன்று நாள் அதிலேயே நின்ற பிறகுதான் உளியைத் தொட்டார். வெடிப்புகளுக்கு அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைத்தார். பூச்சிக்கு வேப்பெண்ணெய், ஆனால் ஜிகினா ஒட்டுகிற முகத்தில் ஒரு சொட்டும் படாமல். பட்டால் பசை பிடிக்காது.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. தென்பெண்ணைக் கரைக் கிராமத்துப் பிள்ளை. தாளம் தட்ட வந்து, தோழி, சேவகன், பெண் வேஷம் என்று ஏறி, காலாப்பட்டு பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் படித்துத் திரும்பியவன். படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மர அணிகளைச் சுமக்கும் கட்டை வேஷம் கட்டி விடியும்வரை நின்றால்தான் கூத்துக் களரியில் ஆள். பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர்க் கூத்துதான் அவனுக்கு முதல் கட்டை வேஷம்.

ஆசாரி ஐயா அவனைப் பட்டறைக்கு வரச்சொல்லி, கட்டையைக் கட்டிவிட்டு, "சுத்து பாப்போம்" என்றார். மூன்றாவது கிறிக்கிச் சுற்றில் புஜக்கட்டை தூக்கிக்கொண்டு தாடையில் இடித்தது. பழைய வேஷக்காரரின் தோளுக்குப் போட்ட துளை அது. கயிற்றுத் துளையை ஒரு விரற்கடை கீழே இறக்கி, தோளில் உரசுகிற இடத்தில் பழைய வேட்டித் துணியை நான்கு மடிப்பாக வைத்துத் தைத்தார். நேற்று திரை விலகியதும் தம்பி சுற்றிய சுற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

உளி வேலை மூன்று நாள், அதற்கு நாள் கூலி வாங்கிக்கொண்டார். 26 நாளுக்கு? "காத்து காய வெச்சுது, எனக்கெதுக்குக் கூலி?"

தாம்பூலம் வைத்துக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்காத கோயில்காரர்கள், ஆர்மோனியத் துருத்தியைச் சரிசெய்த புதுச்சேரி அண்ணன், பாவாடைகளை அலசித் தைத்த அக்காமார், இரவெல்லாம் கண்ணாடி வெட்டி விரலைக் கிழித்துக்கொண்ட காலாப்பட்டு மாணவர்கள், டீ கணக்கைக் கிழித்துப்போட்ட கடைக்காரர் மாமா, எல்லாருக்கும் கும்பிடு.

பெட்டி இனித் தரையில் இருக்காது. மூன்றடிப் பரண் போட்டாயிற்று. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து, நிழலில் காற்றாட வைப்போம்.

ஐயா, ஆடி முடிந்து கூத்து ஓய்ந்ததும் ஜமாவிலிருந்து இரண்டு பிள்ளைகள் உங்கள் பட்டறைக்கு வருவார்கள். உளி பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். அதற்காவது கூலி வாங்கிக்கொள்ள வேண்டும்.